டிப்ஸ் யாரைப் போய்ச் சேர்கிறது: ஒரு சலூனின் சேவை குறித்த மதிப்புரை

சலூன்களைப் பற்றி எழுதுபவர்கள் முடிவெட்டு எப்படி அமைந்தது, தலைச்சாயம் எத்தனை வாரம் நிறம் மங்காமல் நின்றது, காத்திருக்க வைத்தார்களா என்பவற்றைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். வேலை முடிந்து கல்லாவின் முன் நிற்கும் நேரத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது, யாரிடம் கொடுப்பது, கொடுத்த பணம் யாரைப் போய்ச் சேரும் என்ற குழப்பங்களைக் கடையே முன்வந்து தீர்த்துவைக்கிறதா, அல்லது வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறதா என்பதும் சேவையின் ஒரு பகுதிதான் என்பது என் உறுதியான கருத்து. நான் வழக்கமாகச் செல்லும் ஒரு சலூனை அந்தக் கோணத்திலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன். பாராட்டுகளோடு குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நடுத்தர அளவிலான கடை அது. உரிமையாளரும் கத்தரி பிடிப்பவர். அவரைத் தவிர, கமிஷன் அடிப்படையில் வேலை செய்யும் ஸ்டைலிஸ்டுகள் சிலரும், ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தும் ஒருவரும், தலை அலசுவது, சாயம் கலப்பது, தரை பெருக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் உதவியாளர்களும் இருக்கிறார்கள். முடிவெட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. உச்சியிலும் பிடரியிலும் முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுகிறார்கள். வெட்டு வளர்ந்த பிறகும் வடிவம் கலையாமல் இருக்கிறது. சாயம் பூசும் வேலை அதைவிடச் சிறப்பு. ஆனால் இந்தச் சிறப்பு ஒருவருடைய கைத்திறனால் மட்டும் வருவதில்லை என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் எவரும் கவனிக்கலாம்.

தலைக்கு நிறமூட்டும் ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்வோம். 48 மணி நேரத்துக்கு முன்பே உங்களை வரச்சொல்லிக் காதுக்குப் பின்னால் சிறிது சாயம் தடவி ஒவ்வாமை இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பாரா-ஃபெனிலீன்டயமின் என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் இந்தச் சோதனை அவசியமானது. அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. சந்திப்பு நாளில் ஸ்டைலிஸ்ட் நிறத்தைத் தீர்மானிக்கிறார், உதவியாளர் கலக்கிக்கொடுக்கிறார், ஃபாயில் தாள்களை ஒவ்வொன்றாக நீட்டுகிறார், நேரம் பார்த்து அலசுகிறார், நிறத்தைச் சீராக்கும் டோனர் போட்டு மறுபடியும் அலசுகிறார், பெரும்பாலும் முடியை உலர்த்தி முடிப்பவரும் அவரே. நாள் முழுவதும் தண்ணீரிலும் ஷாம்புவிலும் சாயத்திலும் கை நனைந்துகொண்டே இருப்பதால் கைகளில் வரும் தோல் அழற்சி இத்தொழிலில் மிகப் பரவலான நோய்; தலை அலசும் இளைய ஊழியர்களையே அது அதிகம் தாக்குகிறது. கடையில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர்களும் அவர்கள்தான். டிப்ஸ் கொடுக்கும் நேரத்தில் பெரும்பாலான வாடிக்கையாளர்களின் நினைவுக்கு வராதவர்களும் அவர்களே. அலசும் தொட்டியில் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது, யார் அலசினார் என்று முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை.

இந்த சலூனின் மிகப் பெரிய நல்ல அம்சத்தை இங்கேதான் சொல்ல வேண்டும். பணம் செலுத்தும் மேசையில் சிறிய உறைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அன்று உங்கள் தலையில் கைவைத்தவர்கள் யார் யார் என்பதை வரவேற்பில் இருப்பவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார்: வெட்டியவர், சாயம் பூசியவர், அலசியவர். நீங்கள் வேண்டிய உறையில் வேண்டிய தொகையை வைத்துப் பெயரெழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம். நோட்டை மாற்றச் சில்லறையும் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் ஸ்டைலிஸ்ட் பக்கத்தில் வந்து நிற்பதில்லை; அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறார். இது தற்செயலாக நடப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருக்கும் கூச்சத்தை இதைவிட மென்மையாக நீக்கிய ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விடை கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேவைக் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை கொடுப்பதே சலூன்களில் நிலைபெற்ற வழக்கம். பிரிட்டனில் 10 விழுக்காட்டை ஒட்டியே கொடுக்கிறார்கள். கொடுக்காமல் போனாலும் அதைப் பெரிய குற்றமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கமே இல்லை. நாற்காலியில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டுப் போனதாக நினைத்துத் துரத்திவந்து திருப்பிக்கொடுப்பார்கள். ஆகவே புதிய நாட்டில் முதல்முறை முடிவெட்டப் போகிறவர் அந்த நாட்டின் வழக்கத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது இருதரப்புக்கும் நல்லது. வரவேற்பில் இருப்பவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். ஸ்டைலிஸ்டிடம் நேரடியாக “எவ்வளவு கொடுக்கலாம்?” என்று கேட்பதைத் தவிர்க்க வேண்டும்; அவரால் உண்மையான பதிலைச் சொல்ல முடியாது.

விழுக்காடு எதன் மீது என்பதில்தான் இந்த சலூன் சறுக்குகிறது. உறைகள் இருந்தாலும் பலர் கார்டில் பணம் செலுத்துவதால், அண்மைக் காலத்தில் ஒரு திரையையும் வைத்திருக்கிறார்கள். அது 18, 20, 25 என்று மூன்று பொத்தான்களைக் காட்டுகிறது. விருப்பத் தொகையை நாமே உள்ளிடும் வழி கீழே சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது. டிப்ஸ் வேண்டாம் என்பது அதைவிடச் சிறிய எழுத்தில் இருக்கிறது. இது ஒருபுறமிருக்க, அந்த விழுக்காட்டை மொத்தத் தொகையின் மீது திரை கணக்கிடுகிறது என்பதே என் முக்கியமான ஆட்சேபம். வரியும் அதில் அடக்கம். நீங்கள் ஒரு ஷாம்பு புட்டியோ கண்டிஷனரோ வாங்கியிருந்தால் அதன் விலையும் அடக்கம். அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்ததற்கு டிப்ஸ் என்று எந்த நாட்டு வழக்கமும் இல்லை. டிப்ஸ் உழைப்புக்கு உரியது. எனவே வரிக்கு முந்தைய சேவைக் கட்டணமே அதன் அடிப்படை. திரையை நம்பிப் பொத்தானை அழுத்துபவர் தாம் எண்ணியதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார். பின்னர் ரசீதைப் பார்த்து உணரும்போது, அந்தக் கசப்பு எந்தத் தவறும் செய்யாத ஸ்டைலிஸ்ட் மீது திரும்புகிறது. கடைக்காரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

தள்ளுபடி விஷயத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. முதல் வருகைக்கான சலுகையிலோ பரிசுக் கூப்பனிலோ வருபவருக்குத் திரை குறைக்கப்பட்ட தொகையின் மீது கணக்குக் காட்டுகிறது. கூப்பன் முழுத் தொகையையும் ஈடுசெய்துவிட்டால் டிப்ஸ் கேட்கும் திரையே தோன்றுவதில்லை. சலுகை கொடுப்பது கடை. ஆனால் உழைப்பில் எதுவும் குறைந்துவிடவில்லை. அதே அளவு நேரம் நின்று, அதே அளவு குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவர் மீது, கடையின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை நாம் ஏற்றிவைப்பது நியாயமாகாது. ஆகவே தள்ளுபடிக்கு முந்தைய முழுக் கட்டணத்தைக் கணக்கில் கொள்வதே முறை. பரிசுக் கூப்பன் வழங்குபவர்கள், டிப்ஸுக்கான தொகையையும் சேர்த்து வாங்கிக் கொடுப்பது பெருந்தன்மையான செயல். இயலாவிட்டால் பெறுபவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

திரையில் மற்றொரு குறை: பணத்தைப் பிரிக்கும் வசதி அதில் இல்லை. அழுத்திய தொகை முழுவதும் ரசீதில் பெயருள்ள ஸ்டைலிஸ்டின் கணக்கில் சேர்கிறது. உதவியாளருக்கு அவர் பகிர்ந்துகொடுக்கிறாரா என்று வரவேற்பில் விசாரித்தபோது, அது ஒவ்வொருவர் மனத்தைப் பொறுத்தது என்றே பதில் வந்தது. உறை முறையில் அத்தனை அக்கறை காட்டிய ஒரு கடை, திரையில் அந்த அக்கறையைக் கைவிட்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. கார்டில் கட்டணம் செலுத்தினாலும் அலசியவருக்குரியதை ரொக்கமாகத் தனியே உறையில் வைப்பதையே அங்கு செல்பவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ரொக்கத்துக்கு மற்றொரு பயனும் உண்டு: கார்டில் வரும் டிப்ஸுக்கு வங்கி பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணத்தைச் சில இடங்களில் ஊழியர் தலையிலேயே கட்டுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அந்தப் பிடித்தத்தை அனுமதிக்கிறது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன.

சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் பணம் யாரைச் சேரும் என்ற ஐயம் வாடிக்கையாளர்களின் கையைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஊழியர்களின் டிப்ஸில் முதலாளியோ மேலாளரோ பங்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே நாட்டில், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் மட்டும் ரொக்க ஊதியமாகக் கொடுத்து, குறைந்தபட்ச ஊதியத்தில் மீதியை டிப்ஸிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் 1991 முதல் இடம் கொடுத்துவருகிறது. பல மாநிலங்கள் இதைவிட உயர்ந்த ஊதியத்தை வலியுறுத்துகின்றன. அந்தக் குறைந்த ஊதியம் மட்டும் கொடுக்கப்படும் இடங்களில் டிப்ஸ் என்பது கூடுதல் மகிழ்ச்சிக்கான தொகையாக இல்லாமல் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பிரிட்டனில் 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி, கடையின் வழியாக வரும் டிப்ஸ் முழுவதையும் எந்தப் பிடித்தமும் இல்லாமல், பெற்ற மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் ஊழியர்களுக்கு நியாயமாகப் பங்கிட வேண்டும். எப்படிப் பங்கிடுகிறோம் என்பதை எழுத்திலும் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பங்கீட்டு முறையை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு அருகே ஒட்டிவைப்பதற்கு எந்தச் செலவும் ஆகாது. இந்த சலூன் அதைச் செய்யவில்லை. செய்தால் என் மதிப்பீடு உயரும்.

உரிமையாளரே முடிவெட்டினால் டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை என்பது பழைய மரபு. கட்டணத்தைத் தீர்மானிப்பவரும் லாபத்தைப் பெறுபவரும் அவரே என்பது அதற்கான காரணம். இன்று அந்த மரபு தளர்ந்துவிட்டது; மற்றவர்களைப் போலவே நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் சிறிய உரிமையாளர்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கடையின் உரிமையாளர் வாங்குவதில்லை. கொடுத்தால் உதவியாளர்களின் உறையில் போட்டுவிடுமாறு சொல்கிறார். இதைச் சொல்லும் விதத்திலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. கொடுத்தவர் முகம் சுருங்காமல் சொல்லத் தெரிந்தவர் அவர். நாற்காலியை வாடகைக்கு எடுத்திருப்பவரின் நிலை வேறு. பெயரளவில் அவரும் ஒரு முதலாளிதான். ஆனால் வாடகை, சாயம், கத்தரிக்குச் சாணை பிடிப்பது, விடுப்பு நாட்களில் வராத வருமானம் என எல்லாவற்றையும் தாமே சுமப்பவர். அவரை உரிமையாளர் என்று கருதி வெறுங்கையோடு வந்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

வேலை பிடிக்காதபோது என்ன செய்வது என்பதுதான் பலரையும் உண்மையில் வாட்டும் கேள்வி. டிப்ஸைக் குறைத்தோ நிறுத்தியோ அதிருப்தியைக் காட்டுவது பரவலாக நடக்கிறது. ஆனால் அது யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை. காதுக்கு மேல் ஒருபக்கம் நீண்டுவிட்டதா, சாயம் வேர்களில் பிடிக்கவில்லையா என்பதை உறையில் குறைந்த தொகை சொல்லாது. வாங்குபவர் உங்களைக் கஞ்சர் என்றோ மறதிக்காரர் என்றோ நினைத்துக்கொள்வார். நாற்காலியிலிருந்து எழுமுன்பே கண்ணாடியில் காட்டிச் சொல்வது நல்லது. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்த பிறகு தெரியவந்தால், ஓரிரு நாளுக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இந்த சலூன் ஒரு வாரத்துக்குள் வந்தால் கட்டணமின்றித் திருத்திக்கொடுக்கிறது. அதை முகம் கோணாமல் செய்கிறார்கள். அவர்கள் தவறைத் தாங்களே சரிசெய்யும்போது மறுபடியும் டிப்ஸ் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. நிறம் சரியாக இருந்தும் நமது மனம் மாறியதால் போகிறோம் என்றால், அது அவர்களுடைய கூடுதல் நேரம். அதற்குரியதைக் கொடுத்தாக வேண்டும். நெற்றி முடியை இடையில் இலவசமாகச் சிறிது கத்தரித்துவிடுவதற்கும் இதுவே பொருந்தும்: கட்டணம் இல்லாத வேலைக்கு விழுக்காடு கணக்கிட முடியாது என்பதால், கைக்கு வந்ததை மனமுவந்து கொடுப்பதே அழகு.

சேவையின் தரத்துக்கேற்ப டிப்ஸை ஏற்றி இறக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் சலூன்களில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், வாடிக்கையாளரின் தலைமுடியைப் பாராட்டிப் பேசிய ஸ்டைலிஸ்டுகளுக்கு அவ்வாறு பேசாத நேரங்களைவிடக் கூடுதல் டிப்ஸ் கிடைத்தது தெரியவந்தது. வெட்டின் தரம் உயர்ந்ததால் கூடவில்லை. காதுக்கு இனிமையாக இருந்ததால் கூடியது. நாம் திறமையை அளப்பதாக எண்ணிக்கொண்டு பேச்சை அளக்கிறோம். அதிகம் பேசாத, ஆனால் கவனமாக வேலை செய்யும் ஊழியர் இதனால் இழப்பவராகிறார். இந்தக் கடையில் சாயம் பூசுவதில் மிகத் தேர்ந்தவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். ஆகவே நாற்காலியில் அமர்வதற்கு முன்பே விழுக்காட்டை மனத்தில் தீர்மானித்துக்கொண்டு, பேச்சு எப்படி அமைந்தாலும் அதை மாற்றாமல் கொடுப்பதே நேர்மையான முறை என்று கருதுகிறேன். மிகச் சிக்கலான நிறத் திருத்தம், கடைசி நேரத்தில் இடம் ஒதுக்கித் தந்தது, ஓரிடத்தில் நிலையாக உட்காராத குழந்தைக்குப் பொறுமையோடு வெட்டிவிட்டது போன்றவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். அவை பேச்சைச் சாராத, கண்ணால் கண்ட உழைப்பு.

டிப்ஸே வேண்டாம், கட்டணத்தை உயர்த்தி ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கட்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கொள்கையளவில் நானும் அவர்கள் பக்கமே. அமெரிக்காவில் 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே இயற்றியது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. 1926-க்குள் அவை அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. அமைப்பு மாறும்வரை, அந்த அமைப்பின் மீதுள்ள கோபத்தை அலசும் தொட்டியருகே நிற்பவரிடம் காட்டுவது முறையல்ல. பணத்தட்டுப்பாடு உள்ளவர்கள் கடன்பட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டணமும் டிப்ஸும் சேர்ந்த தொகை தாங்காது என்றால், பயிற்சி பெறுபவரிடம் குறைந்த கட்டணத்தில் வெட்டிக்கொள்ளலாம். சாயம் பூசிக்கொள்ளும் இடைவெளியை நீட்டிக்கலாம். குறித்த நேரத்துக்குச் செல்வது, வர இயலாவிட்டால் முதல் நாளே தெரிவிப்பது, நல்ல வேலை செய்தவரின் பெயரை உரிமையாளரிடம் சொல்வது ஆகியவற்றுக்குக் காசு தேவையில்லை. இவற்றை டிப்ஸுக்கு மாற்றாகச் சொல்லவில்லை. ஆனால் கமிஷனில் வாழும் ஒருவருக்கு, சொல்லாமல் வராமல்போன வாடிக்கையாளரால் காலியாகக் கழியும் ஒரு மணி நேரம் நேரடியான வருமான இழப்பு.

சாயம், நிறத் திருத்தம், நீளமான முடிக்கான வேலைகள் ஆகியவற்றுக்காகச் செல்பவர்களுக்கு இந்த சலூனைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். போகும்போது சிறிய நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள், துண்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அலசியவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வெட்டுக்கு மட்டும் செல்பவர்கள், கார்டில் செலுத்துவதாக இருந்தால், திரையின் மூன்று பொத்தான்களை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் சிறிய எழுத்தைத் தொட்டுத் தொகையைத் தாங்களே உள்ளிட வேண்டும். கணக்கீட்டில் வரியையும் பொருள்களின் விலையையும் நீக்குமாறும், டிப்ஸைப் பிரித்துக் கொடுக்கும் வசதியைச் சேர்க்குமாறும் உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரையை வழங்கும் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். இதை எழுதும்வரை திரை மாறவில்லை.